அறிவாற்றல் உளவியலில் இளங்கலை ஆய்வுத்திட்டத்தை நடத்தி முடிப்பது எப்படி

இளங்கலைப் படிப்பின் இறுதிக் கட்டத்தில் வரும் ஆய்வுத்திட்டப் பாடம் மற்ற பாடங்களிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. மற்ற பாடங்களில் வினாவைப் பிறர் தருகிறார்கள். இங்கே வினாவை மாணவரே உருவாக்க வேண்டும். கவனம், நினைவு, புலனுணர்வு, மொழி, முடிவெடுத்தல் ஆகியவற்றை ஆராயும் அறிவாற்றல் உளவியலில் இந்தப் பொறுப்பு கூடுதலாகவே கனக்கிறது. நேரில் காண முடியாத மனச் செயல்களை, மில்லிவிநாடிகளில் அளக்கப்படும் எதிர்வினை நேரத்தைக் கொண்டும் பிழைகளின் எண்ணிக்கையைக் கொண்டும் மறைமுகமாக ஊகிப்பதே இத்துறையின் வழிமுறை என்பதால், வினா சற்று மங்கலாக இருந்தாலும் திரட்டிய தரவு எதற்கும் விடையாகாமல் போய்விடும். திட்டங்கள் கெடுவது பெரும்பாலும் தரவு திரட்டும்போது அல்ல, அதற்கு முந்தைய வாரங்களில்தான். எனவே இந்த வழிகாட்டியிலும் அந்த வாரங்களுக்கே அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

தலைப்பிலிருந்து வினாவுக்கு

"கைப்பேசியும் கவனமும்", "இசையும் நினைவாற்றலும்", "தூக்கமும் முடிவெடுத்தலும்" என்பன போன்ற தலைப்புகளோடுதான் பெரும்பாலான மாணவர்கள் நெறியாளரை முதன்முதலில் சந்திக்கிறார்கள். எந்த இரண்டு நிலைகளை ஒப்பிடப்போகிறோம், எதை அளக்கப்போகிறோம், எந்த நிலையில் அந்த அளவு கூடும் என்று எதிர்பார்க்கிறோம், அப்படி எதிர்பார்க்க எந்தக் கோட்பாடு இடம் தருகிறது என்ற நான்கையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியும்போதுதான் தலைப்பு வினாவாகிறது.

எடுத்துக்காட்டாக, ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். ஓர் உரைப்பகுதியை ஒரு முறை படித்தபின் அதையே மீண்டும் படித்தவர்களையும், அதைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். 5 நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மீண்டும் படித்தவர்கள் முந்தினார்கள். 2 நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் வைத்தபோது நினைவுகூர்ந்து எழுதியவர்கள் முந்தினார்கள். கற்கும் முறை, தேர்வுக்கான இடைவெளி, நினைவிலிருந்த கருத்துகளின் விழுக்காடு என்று எல்லாமே இங்கே தெளிவாக வரையறுக்கப்பட்டிருப்பதால்தான், ஒரு பத்தியில் சொல்லிவிடக்கூடிய இந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது.

இளங்கலை மாணவருக்கு நான் சொல்லும் யோசனை எளிமையானது: நன்கு நிலைபெற்ற ஒரு பணியை எடுத்துக்கொண்டு, அதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அத்தகைய பணிகளுக்குக் குறைவில்லை. சொல்லின் பொருளும் அது அச்சிடப்பட்டிருக்கும் நிறமும் முரண்படும்போது நிறத்தைச் சொல்லத் தாமதமாகிறது என்று ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் காட்டினார். மனத்தில் வைத்திருக்கும் இலக்கங்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடும்போது, கேட்கப்பட்ட இலக்கம் அவற்றுள் இருந்ததா என்று சொல்ல ஏறத்தாழ 38 மில்லிவிநாடி கூடுதலாகிறது என்று சவுல் ஸ்டெர்ன்பெர்க் 1966இல் கண்டார். இரண்டு முப்பரிமாண உருவங்கள் ஒன்றேதானா என்று தீர்மானிக்க ஆகும் நேரம், அவற்றுக்கிடையிலான சுழற்சிக் கோணத்துக்கு ஏற்ப நேர்கோடாக உயர்கிறது என்பது ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971இல் கண்டது. படுக்கை, கனவு, இரவு, களைப்பு என்று ஒரு மையச் சொல்லைச் சுற்றியுள்ள சொற்களைக் கேட்டவர்கள், பட்டியலில் இல்லாத "தூக்கம்" என்ற சொல்லையும் கேட்டதாக உறுதியோடு சொல்வதை, ஜேம்ஸ் டீஸ் 1959இல் செய்த ஆய்வை மீட்டெடுத்து, ரோடிகரும் கேத்லீன் மெக்டெர்மட்டும் 1995இல் விரிவாகக் காட்டினார்கள்.

கடைசியாகச் சொன்ன பணியை வைத்து, ஒன்றை மட்டும் மாற்றுவது எப்படி என்று பார்க்கலாம். சொற்களைப் படிக்கும் வேகம், பட்டியலுக்கும் நினைவுகூர்தலுக்கும் இடையிலான நேரம், போலி நினைவு வரக்கூடும் என்ற முன்னெச்சரிக்கையின் இருப்பு, சொற்கள் காதால் கேட்கப்படுகின்றனவா கண்ணால் படிக்கப்படுகின்றனவா என்பது ஆகியவற்றுள் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் நான்கு நிலைகளும் ஓர் இடைவினையும் (ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவதும்) வந்துசேரும். அந்த இடைவினையைக் கண்டறியத் தேவைப்படும் பங்கேற்பாளர்களின் எண்ணிக்கை, தனி விளைவு ஒன்றுக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்காகிவிடுவது வழக்கம். "வெறும் இரண்டு நிலைகளை ஒப்பிட்டால் ஆய்வு சிறியதாகத் தெரியுமே" என்ற தயக்கம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. மதிப்பிடுபவர்கள் நிலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒப்பீடு சுத்தமாக இருக்கிறதா என்றே பார்க்கிறார்கள்.

வினா முதிர்ந்துவிட்டதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. தரவு ஒன்றுகூட வராத நிலையில், முடிவுகளுக்கான வரைபடத்தை அச்சுகளின் பெயர்களோடும் அலகுகளோடும் தாளில் வரைய வேண்டும். கருதுகோள் சரியானால் எப்படி இருக்கும் என்று ஒரு படம், தவறானால் எப்படி இருக்கும் என்று மற்றொரு படம். நிலைக்குத்து அச்சில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கை நின்றால் அளவீடு இன்னும் முடிவாகவில்லை. இரண்டு படங்களும் ஒரே மாதிரி வந்தால், அந்தக் கருதுகோள் எதையும் முன்னுரைக்கவில்லை.

படிக்கும்போது, அண்மையில் வந்த ஒரு மீளாய்வுக் கட்டுரையிலிருந்தும் பணியை முதலில் அறிமுகப்படுத்திய கட்டுரையிலிருந்தும் தொடங்குவது நல்லது. முன்னுரையைவிட வழிமுறைப் பகுதியை ஊன்றிப் படித்து, எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எத்தனை முயற்சிகள் (ஒரு தூண்டலைக் காட்டி ஒரு பதிலைப் பெறுவது ஒரு முயற்சி), எவ்வளவு விளைவு என்ற மூன்று எண்களையும் ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டே வர வேண்டும். அந்த அட்டவணை பின்னர் பல வாதங்களைத் தீர்த்துவைக்கும்.

ஒட்டுறவு ஆய்வு என்னும் பொறி

மாணவர்கள் மிகவும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் ஆய்வு வடிவம் ஒன்று உண்டு. ஸ்ட்ரூப் பணியையோ வேறொரு கவனப் பணியையோ எல்லோருக்கும் கொடுத்து, கூடவே பதற்றம், தூக்கம், சமூக ஊடகப் பயன்பாடு ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிய வினாப்பட்டியலையும் நிரப்பச் சொல்லி, இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே ஒட்டுறவு, அதாவது ஒன்று மாறும்போது மற்றதும் சேர்ந்து மாறும் போக்கு, இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நடத்த எளிது, தலைப்பும் ஈர்க்கும். ஆனால் ஓர் இளங்கலைத் திட்டத்துக்கு இதைவிடப் பொருந்தாத வடிவம் குறைவு என்பதே என் கணிப்பு. காரணம் ஒன்று அல்ல, இரண்டு.

முதலாவது எண்ணிக்கை. உண்மையான ஒட்டுறவு 0.3 என்றால், அதை 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டறிய ஏறத்தாழ 85 பேர் வேண்டும், 0.2 என்றால் 194 பேர் வேண்டும். ஒட்டுறவின் மதிப்பு ஆட்டம் குறைந்து நிலைபெறுவதற்கே, வழக்கமான சூழல்களில் 250 பேரளவு தேவைப்படும் என்று ஃபெலிக்ஸ் ஷோன்பிராட்டும் மார்கோ பெருஜினியும் 2013இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு பருவத்தில் 40 பேரைச் சேர்ப்பதற்கே மாணவர் திணறுகிறார்.

இரண்டாவது காரணம் நுட்பமானது, அதனாலேயே அதிகம் கவனிக்கப்படாதது. ஸ்ட்ரூப் போன்ற பணிகள் புகழ்பெற்றதற்குக் காரணம், அவற்றின் விளைவு ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே திசையில் தவறாமல் தோன்றுவதுதான். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் தோன்றும் ஒன்றைக் கொண்டு ஒருவரை மற்றொருவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவது கடினம். கிரேக் ஹெட்ஜ், ஜார்ஜினா பவல், பெட்ராக் சம்னர் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் இதை நம்பகத்தன்மையின் முரண்புதிர் என்றே அழைத்தார்கள். குழு ஒப்பீடுகளில் உறுதியாக நிற்கும் பணிகள், அதே ஆட்களுக்குச் சில வாரங்கள் கழித்து மீண்டும் கொடுக்கப்படும்போது அவர்களை அதே வரிசையில் அடுக்குவதில்லை. இதில் வேறுபாட்டு மதிப்பெண்ணின் பங்கு பெரிது. முரண்படும் நிலையின் சராசரி நேரத்திலிருந்து பொருந்தும் நிலையின் சராசரி நேரத்தைக் கழிப்பது, லாரியோடு சேர்ந்து எடைமேடையில் நின்று ஒரு முறையும் லாரியை மட்டும் நிறுத்தி ஒரு முறையும் எடை பார்த்து, கழித்து வருவதைத் தன் எடை என்று சொல்வதைப் போன்றது. மீதியில் பெரும்பங்கு அளவீட்டுப் பிழையாகவே இருக்கும்.

இதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். பணியின் நம்பகத்தன்மை 0.5, வினாப்பட்டியலின் நம்பகத்தன்மை 0.8, உண்மையான ஒட்டுறவு 0.4 என்று வைத்துக்கொண்டால், நம் தரவில் வெளிப்படக்கூடிய ஒட்டுறவு, 0.5ஐயும் 0.8ஐயும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தால் சுருங்கி ஏறத்தாழ 0.25 ஆகிவிடும். 47 பேரைக் கொண்டு முடிந்திருக்க வேண்டிய ஆய்வுக்கு இப்போது ஏறத்தாழ 120 பேர் வேண்டும். இதை எல்லாம் அறிந்த பிறகும் தனிநபர் வேறுபாடுகளைத்தான் ஆராய வேண்டும் என்றால், முயற்சிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் கூட்டி, பணியின் நம்பகத்தன்மையைத் தம் தரவிலிருந்தே கணக்கிட்டு அறிக்கையில் தர வேண்டும். இல்லையேல் சோதனை முறைக்குத் திரும்புவதே மேல்.

எத்தனை பேர், எத்தனை முயற்சிகள்

"30 பேர் போதுமா?" என்பது நெறியாளர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா. எதைக் கண்டுபிடிக்க என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது. விளைவின் அளவைக் கோஹனின் டி என்ற அளவுகோலில் (சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) 0.5 என்று எடுத்துக்கொண்டு, 5 விழுக்காட்டு முக்கியத்துவ மட்டத்தில் (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80 விழுக்காடு திறனோடு (இருக்கும் விளைவைக் கண்டறியும் வாய்ப்பு) சோதிக்க விரும்பினால், ஒருவரே இரண்டு நிலைகளிலும் பங்கேற்கும் வடிவமைப்பில் 34 பேர் போதும். ஒவ்வொரு நிலைக்கும் வெவ்வேறு ஆட்கள் என்ற வடிவமைப்பில் குழுவுக்கு 64 வீதம் 128 பேர் வேண்டும். விளைவு 0.4 என்றால் இந்த எண்கள் 52 ஆகவும், குழுவுக்கு 100 ஆகவும் உயரும். இரண்டு வடிவமைப்புகளிலும் டி ஒரே பொருளில் கணக்கிடப்படுவதில்லை. முதலாவதில் அது வேறுபாடுகளின் திட்ட விலக்கத்தை அடிப்படையாகக் கொள்கிறது என்பதால், ஒரு கட்டுரையின் எண்ணை எடுத்து மற்றொரு வடிவமைப்பில் அப்படியே இட்டுவிடக் கூடாது. இந்தக் கணக்கீடுகளை ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். முந்தைய கட்டுரையில் கிடைத்த விளைவை அப்படியே நம்பாமல், அதைவிடச் சற்றுச் சிறிய விளைவுக்குத் திட்டமிடுவது விவேகம். வெளியான முடிவுகள் பெரிதாகத் தோன்றும் திசையிலேயே வடிகட்டப்பட்டு வந்திருக்கும்.

ஆட்களின் எண்ணிக்கையைப் போலவே ஒவ்வொருவரும் செய்யும் முயற்சிகளின் எண்ணிக்கையும் முக்கியம். மாணவர்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒருவரின் எதிர்வினை நேரம் முயற்சிக்கு முயற்சி 150 மில்லிவிநாடி திட்ட விலக்கத்தோடு ஏறி இறங்குகிறது என்று கொண்டால், 10 முயற்சிகளின் சராசரியில் 47 மில்லிவிநாடி திட்டப்பிழை இருக்கும். 40 முயற்சிகளின் சராசரியில் அது 24ஆகக் குறையும். நாம் தேடும் வேறுபாடே 30 மில்லிவிநாடி என்றால், 10 முயற்சிகளை வைத்துக்கொண்டு தேடுவதில் பொருளில்லை. எதிர்வினை நேரச் சோதனைகளில் ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 1600 அளவீடுகள், அதாவது 40 பேர், ஆளுக்கு 40 முயற்சிகள் என்ற அளவு வேண்டும் என்று மார்க் பிரிஸ்பார்ட்டும் மைக்கேல் ஸ்டீவன்ஸும் 2018இல் பரிந்துரைத்தார்கள். மாணவர் திட்டத்துக்கு இது எட்டக்கூடிய இலக்கு. முயற்சிகள் மிகுந்தால் களைப்பு வரும் என்பதும் உண்மை. அரை மணி நேரத்துக்குள் முடியுமாறு, இடையே ஓய்வுகளோடு அமைத்துவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

ஒருவரே எல்லா நிலைகளிலும் பங்கேற்கும் வடிவமைப்பே பொதுவாகச் சிறந்தது என்றாலும், அது பொருந்தாத இடங்களும் உண்டு. முன்னெச்சரிக்கை கொடுத்தபின் அதைத் திரும்பப் பெற முடியாது. எதிர்பாராத நினைவுத் தேர்வு ஒரு முறைதான் எதிர்பாராததாக இருக்கும். அத்தகைய வினாவைத் தேர்ந்தெடுத்தவர், ஆட்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேலாகும் என்பதை முதல் வாரத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தூண்டல்களைத் தயாரித்தல்

தூண்டல் என்பது பங்கேற்பாளருக்குக் காட்டப்படும் சொல், படம் போன்றது. சொற்களைக் கொண்டு சோதனை நடத்துபவர்கள், இரண்டு நிலைகளுக்கான சொற்பட்டியல்களும் நீளத்திலும் வழக்கிலுள்ள அளவிலும் உருவகப்படுத்தும் எளிமையிலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வேறு மொழியில் தயாரிக்கப்பட்ட பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டால் இந்த ஒப்புமை குலைந்துவிடும். எல்லாவற்றையும்விட எளிய பாதுகாப்பு, ஒரு பட்டியல் சிலருக்கு முதல் நிலையிலும் மற்றவர்களுக்கு இரண்டாம் நிலையிலும் வருமாறு சுழற்றிவிடுவது. அப்போது பட்டியல்களுக்கிடையே நாம் அறியாத வேறுபாடு இருந்தாலும் அது நிலைகளுக்கிடையிலான வேறுபாடாகத் தோற்றமளிக்காது. நிலைகளின் வரிசையையும், எந்த விசை எந்த விடைக்கு என்பதையும் இவ்வாறே சுழற்ற வேண்டும். மூன்று நிலைகளுக்கு மேல் போனால், ஒவ்வொரு நிலையும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முறை வருமாறு வரிசைகளை அமைக்கும் லத்தீன் சதுரம் கைகொடுக்கும். பங்கேற்பாளர்களைப் போலவே சொற்களும் ஒரு பெருந்தொகுதியிலிருந்து எடுத்த மாதிரியே என்று ஹெர்பர்ட் கிளார்க் 1973இல் வாதிட்டார். எனவே நான்கைந்து சொற்களை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டு மொழியைப் பற்றிப் பொதுவாகப் பேச முடியாது.

மென்பொருள் தேர்வில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சைக்கோபை, ஓபன்செசமி, ஜேஎஸ்சைக் ஆகிய மூன்றும் இலவசம். துறையில் எவருக்கு எது தெரியுமோ அதையே எடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் இரவு பதினொரு மணிக்குச் சிக்கல் வரும்போது கேட்பதற்கு ஆள் வேண்டும். திரையைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு படச்சட்டம் 16.7 மில்லிவிநாடி நிற்கிறது. ஆகவே 20 மில்லிவிநாடி ஒரு தூண்டலைக் காட்டுவதாக அறிக்கையில் எழுதினாலும், திரை அதை ஏறத்தாழ 17 அல்லது 33 மில்லிவிநாடிதான் காட்டியிருக்கும். கால அளவுகளைப் படச்சட்டங்களின் மடங்குகளாகவே திட்டமிட வேண்டும். விசைப்பலகையின் தாமதம் எல்லா நிலைகளிலும் சமமாக இருக்கும் வரை, ஒருவருக்குள்ளேயே ஒப்பிடும் ஆய்வில் அது பெரிய சிக்கலாவதில்லை. நிறங்களைப் பயன்படுத்தும் சோதனையில் நிறக்குருடு உள்ளவர்களை முன்கூட்டியே கேட்டறிய மறக்கக் கூடாது.

நெறிமுறை ஒப்புதல்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கிடைக்கும் முன் ஒரு பங்கேற்பாளரையும் சேர்க்கக் கூடாது. ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் விண்ணப்பத்தை முதலிலேயே அனுப்ப வேண்டும். என்ன செய்யப்போகிறார்கள், எவ்வளவு நேரமாகும், எந்நேரமும் காரணம் சொல்லாமல் விலகலாம், தரவு எங்கே எவ்வளவு காலம் வைக்கப்படும் என்பன ஒப்புதல் படிவத்தில் எளிய மொழியில் இருக்க வேண்டும். பெயர்களை ஒரு கோப்பிலும் குறியெண்ணோடு கூடிய தரவை வேறொரு கோப்பிலும் வைப்பது அவசியம். உண்மை நோக்கத்தை மறைத்து நடத்தும் சோதனை என்றால் முடிந்தவுடன் அதை விளக்கிச் சொல்ல வேண்டும். சக மாணவர்களைச் சேர்க்கும்போது, மறுத்தால் நட்பு கெடும் என்றோ மதிப்பெண் குறையும் என்றோ அவர்கள் நினைக்க இடம் கொடுக்கக் கூடாது. இதைப் படிவத்தில் எழுதிவிடுவதோடு நிற்காமல் நடத்தையிலும் காட்ட வேண்டும்.

முன்னோட்டமும் முன்பதிவும்

சோதனையை முதலில் தாமே தொடக்கம் முதல் இறுதிவரை, இடையில் எதையும் தாண்டிவிடாமல் செய்து பார்க்க வேண்டும். பிறகு ஒப்புதலின் வரம்புக்குள் நான்கைந்து பேரிடம் முன்னோட்டம் நடத்தி, அறிவுரைகள் அவர்களுக்கு எப்படிப் புரிந்தன என்று அவர்களையே சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். சரியான விடைகள் 98 விழுக்காடாக இருந்தால் பணி மிக எளிது. இரண்டு விடைகளில் ஒன்றைத் தேரும் பணியில் அது 50 விழுக்காட்டை ஒட்டியிருந்தால் அவர்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு எல்லைகளிலும் நிலைகளுக்கிடையிலான வேறுபாடு வெளிப்பட இடமில்லை. இந்தக் கட்டத்தில் மிகவும் பயன்தருவது, முன்னோட்டத் தரவுக் கோப்பை எடுத்து முழுப் பகுப்பாய்வையும் ஒரு முறை செய்து பார்ப்பதே. எந்த முயற்சி எந்த நிலையைச் சேர்ந்தது என்ற நிரலே (நெடுவரிசையே) கோப்பில் பதிவாகவில்லை என்பது 40 பேர் வந்து போன பிறகு தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அடுத்தது முன்பதிவு. முதன்மைக் கருதுகோள், பங்கேற்பாளர்களின் எண்ணிக்கை, எப்போது தரவு திரட்டலை நிறுத்துவோம், எவரை, எந்த முயற்சியை விலக்குவோம், எந்தப் புள்ளியியல் சோதனையைச் செய்வோம் என்பவற்றைத் தரவு வரும் முன்பே எழுதி, தேதியிட்டுப் பூட்டிவிடுவதுதான் முன்பதிவு. ஓஎஸ்எஃப், ஆஸ்பிரடிக்டட் ஆகிய தளங்களில் இதை இலவசமாகச் செய்யலாம். இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் ஜோசஃப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சிமன்சன் ஆகியோர் 2011இல் காட்டியதை அறிந்துகொள்வது நல்லது. இரண்டு அளவீடுகளில் நன்றாக வந்ததைத் தேர்வது, முடிவு வராவிட்டால் மேலும் சிலரைச் சேர்ப்பது, பாலினத்தைக் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது, மூன்று நிலைகளில் ஒன்றை விட்டுவிடுவது என்ற நான்கு சின்னச் சலுகைகளை ஒருவர் தனக்குத் தானே அளித்துக்கொண்டால், இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. இவற்றுள் எதையும் ஏமாற்றும் நோக்கத்தோடு செய்ய வேண்டியதில்லை என்பதுதான் கவலைக்குரியது.

உளவியலில் இதன் விளைவு என்ன என்பது 2015இல் தெரியவந்தது. வெளியான 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கூட்டாக மீண்டும் நடத்தினார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முறையில் முக்கியத்துவம் வாய்ந்த முடிவைத் தந்திருந்தன, மீள்சோதனைகளில் 36 விழுக்காடே தந்தன. அறிவாற்றல் உளவியல் ஆய்வுகள் ஏறத்தாழ பாதியளவு தேறின. சமூக உளவியல் ஆய்வுகளில் தேறியவை கால் பங்குதான். ஒருவருக்குள்ளேயே ஒப்பிடுவதும் நிறைய முயற்சிகளைச் சேர்ப்பதும் நம் துறையில் வழக்கமாக இருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். பாதி தேறவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு மீள்சோதனையையே இளங்கலைத் திட்டமாக எடுத்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

தரவு திரட்டல்

இங்கே புத்திசாலித்தனத்தைவிட ஒழுங்கு முக்கியம். எல்லோருக்கும் ஒரே சொற்களில் அறிவுரை, ஒரே அறை அல்லது அதற்கு நிகரான அமைதி, அணைத்து வைத்த கைப்பேசி, நடந்த ஒவ்வொன்றையும் குறிக்கும் குறிப்பேடு. கதவு தட்டப்பட்டது, பங்கேற்பாளர் இடையில் எழுந்து போனார் என்பன போன்றவை அன்றே எழுதப்பட வேண்டும். நிலைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நினைவிலிருந்து எழுதினால் அந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை. பாதியில் தரவைத் திறந்து பி மதிப்பை (விளைவே இல்லை என்றாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பை) பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். சிலர் வராமல் போவார்கள், சிலர் விலக்கப்படுவார்கள் என்பதால் திட்டமிட்ட எண்ணிக்கைக்கு மேல் பத்துப் பதினைந்து விழுக்காடு கூடுதலாக நேரம் ஒதுக்கிவைப்பது நல்லது.

பகுப்பாய்வு

முதலில் எண்களைச் சோதிக்காமல் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பங்கேற்பாளரின் எதிர்வினை நேரப் பரவலையும் வரைந்து பார்த்தால், விசையை அழுத்திக்கொண்டே இருந்தவரையும் பாதியில் ஆர்வம் இழந்தவரையும் படமே காட்டிக்கொடுக்கும். முன்பதிவில் சொன்ன விதிப்படி விலக்கல்களைச் செய்து, எத்தனை விழுக்காடு தரவு போயிற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். தெரிவு செய்து விடையளிக்கும் பணிகளில் 200 மில்லிவிநாடிக்குக் குறைவான பதில்கள் பெரும்பாலும் தூண்டலைப் பார்க்கும் முன்பே அழுத்தப்பட்டவை. மேல் எல்லைக்கு ஒவ்வொருவரின் சராசரியிலிருந்து 2.5 திட்ட விலக்கம் என்பது பரவலான வழக்கம். எந்த விதி என்பதைவிட, அது முன்பே எழுதப்பட்டதா என்பதே பெரிது. எதிர்வினை நேரத்தைச் சரியான பதில்களுக்கு மட்டும் கணக்கிட வேண்டும்.

வேகத்தையும் சரியளவையும் எப்போதும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரு நிலையில் வேகம் கூடி, அதே நிலையில் பிழையும் கூடியிருந்தால், மனச் செயல் எளிதாயிற்று என்று சொல்ல முடியாது, பங்கேற்பாளர்கள் அவசரப்பட்டிருக்கக்கூடும்.

இரண்டு நிலைகளை ஒருவருக்குள்ளேயே ஒப்பிடும் ஆய்வுக்கு இணைத்த டி சோதனை போதும். ஜாஸ்ப், ஜமோவி ஆகிய புள்ளியியல் மென்பொருள்களில் சில சொடுக்குகளில் இதைச் செய்யலாம். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழி தெரிந்தவர்கள் தாம் செய்ததை அப்படியே மீண்டும் ஓட்டிக் காட்ட முடியும் என்ற கூடுதல் நன்மையைப் பெறுவார்கள். பி மதிப்போடு, விளைவின் அளவையும் அதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளியையும் (தரவோடு பொருந்தக்கூடிய விளைவுகளின் எல்லையையும்) தர வேண்டும். பி மதிப்பு 0.05க்கு மேல் வந்தால் "வேறுபாடு இல்லை" என்று எழுதிவிடுவது மிகப் பரவலான தவறு; வேறுபாடு உண்டு என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. நம்பக இடைவெளி எந்த அளவு விளைவுகளை விலக்கிவிட்டது என்று எழுதினால், எதிர்பார்த்தது வராத ஆய்வும் வாசகருக்கு எதையோ தந்துவிடும். விளைவு இல்லை என்பதற்கே ஆதரவு எவ்வளவு என்று அறிய ஜாஸ்ப் தரும் பேய்ஸ் காரணியையும் பார்க்கலாம். முன்பதிவில் இல்லாத எந்த ஒப்பீடும் தேடற்பகுப்பாய்வு என்ற தனித் தலைப்பின் கீழ் போக வேண்டும்.

அறிக்கை

வழிமுறைப் பகுதியை முன்னோட்டம் முடிந்த வாரமே எழுதிவிட வேண்டும், ஏனெனில் எழுத்துருவின் அளவும் இடைவெளிகளின் நீளமும் அப்போதுதான் கைவசம் இருக்கும். அதைப் படித்து முன்பின் அறியாத ஒருவர் அதே சோதனையை மீண்டும் நடத்த முடியுமா என்பதே அளவுகோல். முடிவுகள் பகுதியில் முதன்மைக் கருதுகோளின் விடை முதலில் வர வேண்டும். முன்னுரையைக் கடைசியாக எழுதுவது வசதிதான் என்றாலும், கிடைத்த முடிவுக்கு ஏற்றாற்போலக் கருதுகோளை மாற்றி, தொடக்கத்திலிருந்தே அதைத்தான் எதிர்பார்த்ததாகக் காட்டக் கூடாது. நார்பர்ட் கெர் 1998இலேயே இந்தப் பழக்கத்தைப் பெயரிட்டுக் கண்டித்தார், முன்பதிவு இருக்கும்போது அது எளிதில் வெளிப்பட்டும் விடும்.

விவாதப் பகுதியின் தரம் பெரும்பாலும் மாற்று விளக்கங்களை எப்படிக் கையாள்கிறது என்பதில் தெரியும். "மாதிரியின் அளவு சிறியது, எதிர்காலத்தில் பெரிய மாதிரி தேவை" என்ற வாக்கியம் எந்த ஆய்வுக்கும் பொருந்துவதால் எந்த ஆய்வைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. நம் பணியில், நம் தூண்டல்களில், நம் வரிசையில் இருந்த எது இந்த முடிவை வேறு வழியில் உண்டாக்கியிருக்க முடியும், அதைப் பிரித்தறிய எந்த ஒரு மாற்றத்தைச் செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் வரும் வினாக்களை ஓரளவு முன்கூட்டியே ஊகிக்கலாம். இந்த எண்ணிக்கையை எப்படி முடிவு செய்தீர்கள், அந்த விலக்கல் விதியை மாற்றினால் முடிவு மாறுமா, இந்தப் பணி நீங்கள் சொல்லும் மனச் செயலைத்தான் அளக்கிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்ற மூன்றும் ஏதாவது ஒரு வடிவில் வரும். இரண்டாவதற்கு விடை சொல்ல, மாற்று விதியைக் கொண்டும் பகுப்பாய்வைச் செய்து ஒரு சிறு அட்டவணையை இணைப்பில் வைத்துவிடலாம். தரவுக் கோப்பு, தூண்டல்கள், பகுப்பாய்வுக் கோப்பு ஆகியவற்றை, ஒவ்வொரு நிரலும் எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தோடு, பங்கேற்பாளர்களை அடையாளம் காட்டும் எதுவும் இல்லாதவாறு பார்த்து, நெறியாளரிடம் ஒப்படைத்த பின்பே திட்டத்தை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.